டாமெட், ராபிசன், கிராண்டின்: முதலில் யாரைப் படிக்கலாம்?

ஆட்டிசத்தோடும் அபாரமான ஒரு திறமையோடும் வாழ்ந்தவரே எழுதிய தன்வரலாறு வேண்டும் என்று தேடினால் மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மூன்றும் நல்லவைதான். ஆனால் திறமைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு பதில் சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

'சாவன்ட்', அதாவது ஆட்டிசம் போன்ற நிலையோடு ஒரு துறையில் அபாரத் திறமையும் கொண்டவர், என்ற சொல் நேராகப் பொருந்துவது டேனியல் டாமெட்டுக்குத்தான். 2004 மார்ச் 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில், பை எண்ணின் 22,514 இலக்கங்களை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நினைவிலிருந்து சொன்னவர். 2006இல் வந்த 'பார்ன் ஆன் எ ப்ளூ டே'யைப் பலரும் இந்தச் சாதனைக்காகவே எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்களைவிடச் சின்ன விஷயங்கள்தான் பிடித்தன. காலை ஓட்ஸ் கஞ்சி சரியாக 45 கிராம் இருக்க வேண்டும். உடுத்தியிருக்கும் துணிகளை எண்ணாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. எண்களை அவர் காட்சியாகவும் ஒலியாகவும் உணர்கிறார்: 5 அவருக்கு இடிமுழக்கம், 89 பொழியும் பனி. எண்களோடு கூடிக்குலாவுகிற அதே மனம்தான் சக மனிதர்களிடம் தடுமாறுகிறது. இரண்டையும் அவர் பிரித்துப் பேசுவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: டாமெட்டின் நினைவாற்றல் பிறவியில் வந்ததா, பயிற்சியில் வந்ததா என்று பத்திரிகையாளர் ஜோஷுவா ஃபோயர் 2011இல் தன் புத்தகத்தில் சந்தேகம் எழுப்பினார். டாமெட்டுக்கு ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு அப்போது இருந்த பெயர்) என்று கண்டறிந்தது சைமன் பாரன்-கோஹன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர். இரண்டையும் தெரிந்துகொண்டு படித்தால் நல்லது. கஞ்சிக் கிண்ணத்தை அந்தச் சந்தேகம் தொடாது.

ஜான் எல்டர் ராபிசன் வேறு ரகம். பள்ளியைப் பாதியில் விட்டவர், கிஸ் இசைக்குழுவுக்குப் புகை கக்கும் கிதார்களை உருவாக்கியவர், நாற்பது வயதில்தான் தனக்கு ஆஸ்பெர்கர் என்று அறிந்தவர். 'லுக் மீ இன் தி ஐ' (2007) வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். குடிகாரத் தந்தை வரும் இடங்களில் சிரிப்பு நின்றுவிடும். மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, பழைய மின்சுற்றுத் திறமை தன்னிடமிருந்து நழுவியதாக ஓரிடத்தில் எழுதுகிறார். தானே வரைந்த பழைய வரைபடங்கள் யாரோ போட்டவை போலத் தெரிகின்றனவாம். இது எல்லோருக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனால் திறமையை வரம் என்று மட்டும் பேசுகிறவர்கள் தொடாத இடம் இது. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான்.

டெம்பிள் கிராண்டினின் 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' (1995) கதையாக ஓடாது. பாதி தன்வரலாறு, பாதி விளக்கநூல். கால்நடைகளைக் கையாளும் அமைப்புகளை மனதுக்குள்ளேயே படமாக ஓட்டிச் சோதித்துப் பார்க்கும் அவருக்குத் திறமை என்பது பிழைப்புக்கான கருவி, அவ்வளவுதான். சத்தமும் தொடுதலும் ஏன் வதைக்கின்றன என்று புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கு மூன்றிலும் அதிகம் உதவுவது இதுதான். வாங்கினால் 2006 திருத்திய பதிப்பையே வாங்குங்கள். ஆட்டிசம் உள்ள எல்லோரும் தன்னைப் போலப் படங்களாகத்தான் சிந்திப்பார்கள் என்று முதலில் நினைத்தது தவறு என்பதை அதில்தான் ஒப்புக்கொள்கிறார்.