நீரிலிருந்து கன உலோகம் அகற்ற எந்தத் தொழிற்கழிவு: கசடா, சாம்பலா, சிவப்புச் சேறா, இரும்புச் சீவலா?

எது மலிவு என்று கேட்பதற்கு முன், உலோகம் நீரில் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். ஈயம், காட்மியம், துத்தநாகம் பெரும்பாலும் நேர்மின் அயனிகள். ஆறிணைதிறக் (+6 நிலை) குரோமியமும் ஐந்திணைதிற (+5 நிலை) ஆர்சனிக்கும் எதிர்மின் அயனிகள். ஒன்றுக்குக் கைகொடுப்பது மற்றதற்குக் கைகொடுக்காது.

ஈயத்துக்கு எஃகு உலைக் கசடு நன்றாக வேலை செய்யும். அதிலுள்ள சுண்ணாம்பு பிஎச் (அமில-கார) அளவை ஏற்ற, உலோகம் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். தொல்லையும் அந்தச் சுண்ணாம்பால்தான். பிஎச் 11-ஐத் தாண்டினால் ஈயமும் துத்தநாகமும் மீண்டும் கரையத் தொடங்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுக் கசடு இறுகி, அதை நிரப்பிய வடிகட்டிப் படுகை அடைத்துக்கொள்ளும். வெளிவரும் நீரை முதலில் வடிகட்டி, அதன் பிறகே அமிலம் விட்டு நடுநிலையாக்குங்கள். வரிசை மாறினால் பிடித்த உலோகம் நீருக்கே திரும்பிவிடும்.

அனல்மின் நிலையச் சாம்பலை அப்படியே போட்டால் பெரிய பலன் இல்லை. லிட்டருக்கு 120 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில், 95 டிகிரி செல்சியஸ் வாக்கில் 24 மணி நேரம் வைத்தால் ஒரு பகுதி சியோலைட் என்ற நுண்துளைக் கனிமமாக மாறும். காட்மியம், ஈயத்தைப் பிடிக்கும் திறன் கூடும். ஆனால் கழுவிய காரநீர் இன்னொரு கழிவு. சாம்பலிலேயே ஆர்சனிக், செலினியம் இருக்கலாம் என்பதால், முதலில் ஒரு பங்கு சாம்பலைப் பத்துப் பங்கு சுத்த நீரில் ஒரு நாள் குலுக்கி, அந்த நீரைச் சோதியுங்கள்.

ஆர்சனிக்குக்கு, அலுமினா ஆலையின் சிவப்புச் சேறுதான் என் தேர்வு. பிடிப்பது அதிலுள்ள இரும்பு ஆக்சைடு. பிஎச் 10-க்கு மேல் இருக்கும் சேற்றை நடுநிலையாக்காமல் பயனில்லை. மூவிணைதிற ஆர்சனிக் என்றால் முன்பே குளோரின் கொண்டு ஆக்சிஜனேற்ற வேண்டும். பாஸ்பேட் மிகுந்த நீரில், ஆர்சனிக் ஒட்ட வேண்டிய இடத்தைப் பாஸ்பேட் பறித்துக்கொள்ளும். துகள் மிக நுண்மை. உருண்டையாக்காமல் வடிகட்டியில் நிரப்பினால் நீர் இறங்காது.

ஆறிணைதிறக் குரோமியத்துக்கு இரும்புச் சீவல்: எலக்ட்ரான் தந்து அதை மூவிணைதிறமாக ஒடுக்கி வீழ்படியச் செய்யும். 1996-இல் அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் இதற்காக நிலத்தடியில் 46 மீட்டர் நீள இரும்புத் துகள் சுவர் அமைத்தார்கள். லேத் சீவலில் எண்ணெய் ஒட்டியிருந்தால் வினை சரியாக நடக்காது, கழுவிவிட்டுப் போடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒப்புச்சோதனை ஒன்று அவசியம். அதே நீரில், கழிவுப்பொருள் இல்லாமல், காஸ்டிக் சோடா மட்டும் விட்டு, கழிவுப்பொருள் போட்டபோது வந்த அதே பிஎச் அளவுக்குக் கொண்டுவந்து, 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி அளவிடுங்கள். உலோகம் அதே அளவு குறைந்திருந்தால் உங்கள் பொருள் எதையும் கவரவில்லை. வெறும் சுண்ணாம்பே போதும்.