737-800, ஏ321: மழைக்காலத்தில் எந்தச் சரக்கு விமானம்?

ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் இருந்து எலக்ட்ரானிக் பாகங்களை எடுத்து, தடாவில் சேர்த்து, சென்னையில் இரவு விமானம் ஏற்றுவது எங்கள் தொழில். டெல்லிக்குப் போகும் சரக்கை எந்த விமானத்தில் போடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. ஏர்பஸ் ஏ321-க்கு மாற்றினோம். ஏன் என்று சொல்கிறேன்.

போயிங் 737-800, ஏ321 இரண்டுமே முன்பு பயணிகளை ஏற்றியவை. சீட்டைக் கழற்றி, தரையைப் பலப்படுத்தி, இடது பக்கம் பெரிய கதவு வைத்துச் சரக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். சரக்கு ஏற்றும் பழைய போயிங் 757-களுக்கு வயதாகிவிட்டது, அதன் உற்பத்தியும் 2004-லேயே நின்றுவிட்டது. ராத்திரியில் சில மணி நேரம் மட்டும் பறக்கிற விமானத்துக்குப் புதிதாக வாங்கிப் பணத்தை முடக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பழசு என்று தயங்க வேண்டாம்.

ஏற்றக்கூடிய எடைக் கணக்கு சுருக்கமாக: 737-800 சுமார் 24 டன், ஏ321 சுமார் 27 டன். மேல்தளத்தில் பேலட் (பெட்டிகளை அடுக்கிக் கட்டும் தட்டு) வைக்க முதலாவதில் 12 இடம், இரண்டாவதில் 14. எங்களைப் போல அரை டன், ஒரு டன் அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் பெல்லியில்தான். 737-இன் அடிவயிற்றில் கன்டெய்னர் போகாது. பெட்டிகள் டிராலியில் தார்ப்பாய்க்கு அடியில் விமானம் வரை வரும். அப்புறம் பெல்ட்டில் ஏறும். உள்ளே லோடர் மண்டியிட்டபடி ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவார். நிமிர்ந்து நிற்க அங்கே உயரம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மழையில் இதை யோசித்துப் பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி மூலையில் நசுங்கும், உள்ளே சிப் சுருள் (நாடாவில் வரிசையாக ஒட்டிச் சுற்றிய சிப்கள்) இருக்கும் ஈரத்தடுப்புப் பையில் சின்னதாக ஓட்டை விழும். அந்தப் பைக்குள் ஓர் ஈரங்காட்டி அட்டை உண்டு. அதன் நீலப் புள்ளி இளஞ்சிவப்பாகிவிட்டால் வாங்குகிறவர் சுருளை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், அடுப்பில் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். திருப்பி அனுப்பினாலும் கேட்க முடியாது.

ஏ321-இன் பெல்லியில் 10 கன்டெய்னர் போகும். கூரைக்கு அடியில், ஷெட்டிலேயே பெட்டிகளை அடுக்கி மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு டெல்லி ஷெட்டில் திறக்கும்வரை பெட்டிமேல் யார் கையும் படாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கன்டெய்னரின் உயரம் 114 செ.மீ.தான். அதைவிட உயரமான பெட்டி என்றால் மேல்தளம்தான் வழி.

737-க்கும் நியாயம் உண்டு. விலை குறைவு, உலகம் முழுக்க ஏராளமாக ஓடுவதால் உதிரிபாகமும் ஆளும் எளிதாகக் கிடைக்கும். ஏ321-ஐப் பயணிகள் கம்பெனிகளே விடாமல் வைத்திருப்பதால் மாற்றுவதற்கு விமானம் கிடைப்பது கஷ்டம். ஆகவே எல்லா ஊருக்கும் அது வராது. இன்ஜின் செலவில் எது மேல் என்பதை விமானம் ஓட்டுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் பார்த்ததெல்லாம் ஏற்றி இறக்கும் பக்கம்.

துணி, உலோகச் சாமான், டயர் மாதிரி அடிபட்டாலும் தாங்குகிற சரக்கு என்றால் எது முதலில் கிளம்புகிறதோ அதில் போடுங்கள். மின்னணுப் பொருள் என்றால் ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) போடும் முன்பே ஏஜென்டிடம் எந்த விமானம், மேல்தளமா பெல்லியா என்று கேட்டுவிடுங்கள். 737-தான் இருக்கிறது என்றால் மேல்தள பேலட்டில் இடம் கேளுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.