மனைவியாகிப்போன புத்திசாலி: பழைய ஆங்கிலச் சிரிப்புக் கதைப்பாட்டும் பாரிமுனை பைண்டிங்கும்

18-ம் நூற்றாண்டு ஆங்கிலச் சிரிப்புக் கதைப்பாட்டுகளைத் தாளில் படிக்க ஆசைப்படுபவருக்கு இரண்டு வழி. ஆன்லைனில் விற்கும் மறுபதிப்பை வாங்கலாம். இல்லையென்றால் இலவச ஸ்கேன் பிடிஎஃப்பை இறக்கி, பாரிமுனைப் பக்கம் பிரின்ட் போட்டுத் தைத்துக்கொள்ளலாம். முதல் வழி பெரும்பாலும் காசுக்குக் கேடு. இரண்டாவதில் அலைச்சல் உண்டு, ஆனால் கைக்கு வருவது படிக்கிற மாதிரி இருக்கும்.

மறுபதிப்பு ஏன் கெடுகிறது? மலிவுப் பதிப்புகளில் பல, பழைய பக்கத்தைக் கணினி படித்து எழுத்தாக்கியதை அப்படியே அச்சடித்தவை. அந்தக் காலத்து அச்சில் 'எஸ்' இரண்டு வடிவம். சொல்லின் கடைசியில் இன்றைய வளைந்த எஸ். முதலிலும் நடுவிலும் நெட்டை எஸ். இந்த நெட்டை, பார்க்க 'எஃப்' மாதிரியே இருக்கும். எஃப்பின் குறுக்குக்கோடு தண்டுக்கு இரு புறமும் நீளும். நெட்டை எஸ்ஸுக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு சின்ன மூக்கு, சில அச்சுகளில் அதுவும் இல்லை. கணினி இரண்டையும் எஃப் என்றே எடுத்துக்கொண்டால் 'வைஸ்' என்ற புத்திசாலி 'வைஃப்' என்ற மனைவி ஆகிவிடுவார். தத்துவக் கட்டுரையில் வந்தால் பிழை என்று உடனே தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டையையே பாதிக் கதையாக வைத்திருக்கும் இந்தப் பாட்டுகளில் எது பிழை, எது கதை என்று எப்படிச் சொல்வது? 1800-ஐ ஒட்டி நெட்டை எஸ் வழக்கொழிந்தது. அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

அதைவிடப் பெரிய நஷ்டம் கோடுகள். கவிஞர் மேத்யூ பிரையரின் 'தி லேடில்' என்ற அகப்பைக் கதையைப் பாருங்கள். மாறுவேடத்தில் வந்த இரண்டு தேவர்கள் ஒரு குடியானவன் தம்பதிக்கு மூன்று வரம் தருகிறார்கள். மனைவி அவசரப்பட்டு, வெள்ளிப் பாத்திரத்துக்கு ஓர் அகப்பை வேண்டும் என்று கேட்டுவிடுகிறாள். வரம் ஒன்று இப்படிப் போச்சே என்ற எரிச்சலில், அந்த அகப்பை உன் பின்புறத்திலேயே போகட்டும் என்கிறான் கணவன். போய்விடுகிறது. அதை வெளியே எடுக்க மூன்றாவது வரம் செலவு. அந்தப் பின்புறச் சொல் அச்சில் முழுதாக வராது. முதல் எழுத்து, பிறகு ஒரு நீளக் கோடு, அவ்வளவுதான். ஆனால் முந்தைய அடி 'ஃபார்ஸ்' என்று முடிகிறது. இயைபு கேட்ட காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். மரியாதைக்குக் கோடு போட்டதுபோல் போட்டு, வாசகர் வாயாலேயே கெட்ட வார்த்தையைச் சொல்லவைக்கிற வேலை இது. கோட்டைக் கணினி விழுங்கிவிட்டால் நகைச்சுவையும் சேர்ந்தே போயிற்று. இதே பாட்டில் 'லேடில்' என்ற சொல்லுக்கு 'ப்ரேய்ட் இல்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்து இயைபு போட்டிருக்கிறார் பிரையர். வேண்டுமென்றே கோணலாக வைத்த இயைபு. அடி உடைந்து உரைநடையாக ஓடும் மறுபதிப்பில் இதையெல்லாம் தேடவேண்டாம்.

ஆகவே பக்கப் படம்தான் வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. இறக்கும் முன் பக்கத்தின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அங்கே தனியாக அச்சாகியிருக்கும். அது அடுத்த பக்கத்தோடு ஒட்டாவிட்டால் நடுவில் தாள் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். பிரின்ட் போட்டபின் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

எந்தத் தொகுப்பு? ராபர்ட் டாட்ஸ்லி வெளியிட்ட பல்கவிஞர் தொகுப்பு பெயர்பெற்றது. 1748-ல் மூன்று தொகுதி, 1755-ல் நான்காவது, 1758-ல் கடைசி இரண்டு. அதை எடுப்பதானால் ஐசக் ரீட் குறிப்புகளோடு வந்த 1782 பதிப்பை எடுங்கள். பெயர் போடாத பாட்டை யார் எழுதினார் என்ற தகவல் பல இடங்களில் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆறு தொகுதியும் சிரிப்பு என்று நம்பி எடுக்கக்கூடாது. 'ஓட்' (ode) எனும் புகழ்ப்பாட்டும் வாழ்த்தும்தான் அதில் ஜாஸ்தி, விருந்தாளி முன்னால் வைக்கிற புத்தகம். சிரிப்புக் கதைக்கு பிரையரிடமே போகவேண்டும். அவருடைய 1718 பதிப்பு ஃபோலியோ எனும் மிகப் பெரிய தாள் அளவு. ஏ5-க்குச் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். பின்னால் வந்த சிறு அளவுப் பதிப்பு போதும். ஜார்ஜ் கோல்மன் 1797-ல் போட்ட சின்னத் தொகுப்பில் ஒரு மருந்துக்கடைக்காரர் வருகிறார். சீட்டில்கூடப் பாட்டாகவே எழுதுபவர். 'சாப்பிடும்போது நன்றாகக் குலுக்கவும்' என்று இயைபோடு எழுதி அனுப்ப, வீட்டார் மருந்தை விட்டுவிட்டு நோயாளியைக் குலுக்குகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாவது குலுக்கலில் ஆள் காலி. இதை வாய்விட்டுப் படிக்கவேண்டும், கண்ணால் படித்தால் பாதிதான்.

ஆனால் முதலில் தைக்க வேண்டியது வில்லியம் கூப்பரின் 'ஜான் கில்பின்'. 1782 நவம்பரில் ஒரு லண்டன் நாளிதழில் பெயரில்லாமல் வந்தது. 1785-ல்தான் கூப்பர் தன் புத்தகத்தில் சேர்த்தார். கில்பின் லண்டன் சீப்சைடில் ஜவுளிக்காரர். கல்யாண நாள் விருந்துக்கு மனைவி மக்களை வண்டியில் எட்மண்டனுக்கு அனுப்பிவிட்டு, இரவல் குதிரையில் பின்னால் கிளம்புகிறார். குதிரை எட்மண்டனில் நிற்கவில்லை. பத்து மைல் தள்ளி வேர் என்ற ஊரில் போய்த்தான் நின்றது. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் திருவொற்றியூரில் சாப்பாடு என்று கிளம்பி மீஞ்சூரில் போய் இறங்கியதைப் போல. வழியில் தொப்பி போச்சு, டோப்பா போச்சு, இடுப்பில் கட்டிய ஒயின் ஜாடியும் உடைந்தது. குதிரைமேல் போகிறவர் தலைப்பாகை விழுகிற சிரிப்பு பரமார்த்த குரு படித்தவர்களுக்குப் புதிதல்ல.

ஒரு சொல் மட்டும் காலை வாரும். குதிரை கொடுத்த நண்பரை 'கேலண்டர்' என்கிறது பாட்டு. நாள்காட்டி இல்லை. துணியை உருளையில் அழுத்தி வழவழப்பாக்கும் தொழிலாளி. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்களால் பேர் வாங்கிய வண்ணாரப்பேட்டையில் இதை விளக்க அடிக்குறிப்பு தேவையில்லை.

இனி அச்சு. ஹைகோர்ட்டைச் சுற்றியுள்ள பிரின்ட் கடைகள் வேகமானவை, ஆனால் வக்கீல் வேலைக்குப் பழகியவை. தாள் ஏ4 என்று முதலிலேயே சொல்லாவிட்டால் லீகல் தாளில் வந்து நிற்கும். 320 பக்கத் தொகுதியை ஏ5 அளவில் புக்லெட்டாகப் போட்டால் தாளுக்கு நாலு பக்கம், மொத்தம் 80 தாள். முழு ஃபைலையும் ஒரே புக்லெட்டாக அனுப்புவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. 80 தாளை ஒன்றாக மடிக்க முடியாது. 16 பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு 4 தாள், ஆக 20 ஃபாரம் என்று பிரித்து அனுப்பவேண்டும். இருபக்க அச்சில் 'ஷார்ட் எட்ஜ்' என்று இருக்கவேண்டும். 'லாங் எட்ஜ்' போட்டால் பின்பக்கம் தலைகீழ். முதல் ஃபாரத்தை மட்டும் எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

கலர் ஸ்கேனை அப்படியே கறுப்பில் அடித்தால் பழுப்புத் தாள் முழுதும் சாம்பல் பூசிக்கொள்ளும். பின்னணியை வெளுக்கவேண்டும், ஆனால் அளவோடு. அதிகம் வெளுத்தால் எஃப்பின் வலப்பக்கக் கோடு மறைந்து அதுவும் நெட்டை எஸ் ஆகிவிடும், மறுபதிப்பில் இருந்த வினையே திரும்பி வரும்.

தாளை ஆண்டர்சன் தெருவில் வாங்கிக்கொள்வது நல்லது. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும். வழக்கமான ஏ4 கட்டில் நார் நீளவாக்கில் ஓடும். அதைக் குறுக்கே மடிக்கும்போது மடிப்பு விறைக்கும், மழைக்காலத்தில் முதுகுப் பக்கம் அலை அலையாக எழும்பும். பெரிய ஷீட்டை வாங்கி, நார் அகலவாக்கில் வரும்படி ஏ4-ஆக வெட்டித் தரச் சொன்னால் இந்தப் பிரச்சினை இல்லை. வெட்டுகிறவருக்கு இது தெரிந்த விஷயம்தான், நாம் கேட்டால்தான் செய்வார்.

பைண்டிங்கில் பெர்ஃபெக்ட் பைண்டிங் சீக்கிரம் ஆகும், விலையும் குறைவு, ஆனால் விரித்து வைத்து வாசிக்கிற புத்தகத்துக்குப் பசை முதுகு தாங்காது; நடுவில் வெடித்துத் தாள் உதிரும். சைடு தையலுக்கு உள் மார்ஜின் ஒன்றரை சென்டிமீட்டராவது வேண்டும், ஸ்கேனில் அவ்வளவு இருக்காது. ஃபாரம் ஃபாரமாகத் தைத்து, காலிகோ துணி முதுகும் அட்டையும் போடுவதே சரி. கை பைண்டர்கள் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ராமபாணம் அண்டாமல் இருக்க. கலந்தாரா என்று கேட்டு வாங்குங்கள். பசை காயாமல் அட்டை போட்டுக் கொடுத்தால் பூசணம் பிடிக்கும். அவசரப்படுத்தாமல் இரண்டு நாள் பாரத்தில் வைக்க விடவேண்டும்.

இத்தனை மெனக்கெட வேண்டாம் என்றால் கில்பினை மட்டும் போடலாம். 63 செய்யுள், நாலடி வீதம் 252 அடி. பக்கத்துக்கு ஐந்து செய்யுள் வைத்தால் 13 பக்கம். தலைப்புக்கு ஒன்று விட்டு, மிச்ச இரண்டில் பழைய மரச்செதுக்குப் படம் வைத்தால் சரியாக ஒரு ஃபாரம், நாலு தாள், இரண்டு சென்டர் பின். கில்பின் அந்த ஊர்த் தெருவிலும் இப்படி மெல்லிய காசுப் புத்தகமாகத்தான் விற்றது, நம் குஜிலிப் பாட்டுப் புத்தகம் மாதிரி. மேலட்டைக்கு ரோஸ் கலர் மெல்லிய தாள் போதும். லேமினேஷன் வேண்டாம், முதல் மடிப்பிலேயே உரியும்.