கடிதமா, நாற்காலியா, வரைபடமா? நவபழமைவாதிகளின் நான்கு கடைகள்

1990களின் கடைசியில் வாஷிங்டனின் 17ஆம் தெருவில், 1150ஆம் எண் கட்டடத்தில் மூன்று அலுவலகங்கள் இயங்கின. ஒன்று அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட் என்னும் ஆய்வு நிறுவனம். இன்னொன்று தி வீக்லி ஸ்டாண்டர்ட் வார இதழ். மூன்றாவது, 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்று பெரிய பெயர் வைத்துக்கொண்ட சின்ன அமைப்பு. அமெரிக்கப் படைபலத்தால் உலகைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும் என்று நம்பிய நவபழமைவாதிகளுக்கு ஆய்வு, பத்திரிகை, பிரச்சாரம் எல்லாமே லிஃப்டில் ஏறி இறங்கும் தூரத்தில் இருந்தன.

அந்த வார இதழ் 2018இல் மூடப்பட்டது, அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டோடு, பிறகு முளைத்த இரண்டு கடைகளையும் சேர்த்து நிறுத்தினால் உலகத்தின் போக்கை அதிகம் அசைத்தது எது? பலரும் யோசிக்காமல் கைகாட்டுவது அந்தச் சின்ன அமைப்பைத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வில்லியம் கிறிஸ்டலும் ராபர்ட் கேகனும் 1997இல் தொடங்கிய அந்த அமைப்பின் முதன்மையான சரக்கு கடிதம். 1998 ஜனவரி 26 அன்று அதிபர் கிளிண்டனுக்கு ஒரு கடிதம் போனது: சதாம் உசேனை அதிகாரத்திலிருந்து அகற்றுங்கள். கையெழுத்திட்டவர்கள் 18 பேர். ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ், ஜான் போல்டன் முதலாக அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளில் அடுத்த அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசின் பதவிகளிலோ ஆலோசனைக் குழுக்களிலோ அமர்ந்தார்கள். அதே 1998 அக்டோபரில் ஈராக் விடுதலைச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 360க்கு 38 என்று நிறைவேறி, கிளிண்டனின் கையெழுத்தையும் பெற்றது. 2000 செப்டம்பரில் இந்த அமைப்பு வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையில் 'புதிய பேர்ல் ஹார்பர்' என்றொரு சொற்றொடர் வரும்; 1941இல் ஜப்பான் திடீரெனத் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம்தான் பேர்ல் ஹார்பர். அடுத்த ஆண்டு இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின், அந்தச் சொற்றொடர் சதிக்கதைக்காரர்களுக்கு அள்ள அள்ளக் குறையாத புதையலாகிவிட்டது. அப்படியொரு பேரழிவு நிகழ்ந்தால் ஒழியப் படைச் சீர்திருத்தம் மெதுவாகத்தான் நடக்கும் என்று அலுத்துக்கொள்ளும் வரி அது. சதித்திட்டம் தீட்டுகிறவர்கள் அதை அச்சடித்து விற்பார்களா என்ன?

ஆனால் கடிதத்தின் பலம் கையெழுத்துகளில்தான் இருந்தது. அவை ஏற்கெனவே பெரிய மனிதர்களின் கையெழுத்துகள். கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அரசியல் அறிஞர் பிரான்சிஸ் ஃபுகுயாமா பிற்பாடு முகாமையே விட்டு வெளியேறினார். 2006இல் அமைப்பும் ஓய்ந்தது.

எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டின் கதை வேறு. 1938இல் தொழிலதிபர்களின் நலன் பேசப் பிறந்தது. வரி, கட்டுப்பாடு, சந்தை என்பவையே அதன் பூர்வீகப் பாடங்கள். வெளியுறவில் நவபழமைவாதிகள் அங்கே பின்னால் வந்து குடியேறியவர்கள். 2003 பிப்ரவரி 26 அன்று அதன் ஆண்டு விருந்தில் புஷ் பேசினார். இங்கிருந்து இருபது மூளைகளைத் தன் அரசு கடன் வாங்கியிருப்பதாகப் பாராட்டிவிட்டு, சதாமுக்குப் பிந்தைய ஈராக் எப்படி இருக்கும் என்று விளக்கினார். மூன்று வாரம் கழித்து பாக்தாத் மீது குண்டு விழுந்தது.

அதைவிடத் துல்லியமான சான்று 2006 டிசம்பரில் கிடைக்கிறது. ஈராக்கில் உள்நாட்டுப் போர் முற்றிய நேரம். 6ஆம் தேதி, முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் லீ ஹாமில்டனும் தலைமையேற்ற இருகட்சிக் குழு 79 பரிந்துரைகளைத் தந்தது. போர்ப்படைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்வது அவற்றின் சாரம். எட்டே நாளில், 14ஆம் தேதி, எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டில் பிரெடரிக் கேகனும் ஓய்வுபெற்ற ஜெனரல் ஜாக் கீனும் நேர் எதிரான திட்டத்தை வைத்தார்கள்: படையை இன்னும் கூட்டுங்கள். ஜனவரி 10 அன்று, 20,000க்கும் மேற்பட்ட கூடுதல் வீரர்களை அனுப்புவதாக புஷ் அறிவித்தார். வெள்ளை மாளிகைக்குள்ளேயே சிலர் அதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எந்தப் பகுதிக்கு எத்தனை படைப்பிரிவு என்று கணக்குப் போட்டுக் கையில் கொடுக்க ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் ஆள் இருந்தது. கோரிக்கை மனு எழுதுவதற்கும் வேலையைச் செய்து முடித்துக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

லண்டன் கிளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளை என்பது என் சொல். ஹென்றி ஜாக்சன் சொசைட்டி தனி அமைப்புதான். 2005இல் கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் பிறந்தது. பெயர் மட்டும் அமெரிக்க இறக்குமதி: ஜாக்சன் வாஷிங்டன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர், விமான நிறுவனமான போயிங்குக்கு வேண்டியவர் என்பதால் 'போயிங்கின் செனட்டர்' என்று கேலி செய்யப்பட்டவர். அவரிடம் உதவியாளராக இருந்த ரிச்சர்ட் பெர்ல் சொசைட்டியின் புரவலர்களில் ஒருவரானார். உளவுத்துறை முன்னாள் தலைவர் முதல் எம்.பி.க்கள் வரை ஆதரவுப் பட்டியலும் பெரிது. பலன்? சிரியாவில் தலையிட வேண்டும் என்று இவர்கள் வாதாடினார்கள். 2013 ஆகஸ்ட் 29 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதமர் கேமரூன் அரசின் சிரியா தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. ஈராக் போரில் சேரும் பெரிய முடிவைப் பிரதமர் டோனி பிளேர் எடுத்தபோது இந்தச் சொசைட்டியே பிறக்கவில்லை. திருவிழா முடிந்தபின் போட்ட கடை.

சரக்கில் குறை என்று சொல்ல மாட்டேன். சந்தை வேறு. அமெரிக்க அதிபர் மாறினால் ஏறத்தாழ 4,000 பதவிகளுக்கு ஆள் மாற்றலாம். அந்த நாற்காலிகளுக்காக அறிஞர்கள் காத்திருக்கும் கூடம்தான் வாஷிங்டன் ஆய்வு நிறுவனம். லண்டனில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குக் கீழே நிரந்தர அதிகாரிகள் ஆட்சி மாறினாலும் அசையாமல் இருக்கிறார்கள். அங்கே கூடம் கட்டினாலும் கதவு திறக்கும் இடம் குறைவு.

நான்காவது கடைதான் எனக்குச் சுவாரசியமானது. பிரெடரிக்கின் மனைவி கிம்பர்லி கேகன் 2007இல் தொடங்கிய போர் ஆய்வு நிறுவனம் அது. இயக்குநர் குழுவின் தலைவர் அதே ஜாக் கீன். (ராபர்ட் கேகனும் பிரெடரிக்கும் அண்ணன் தம்பி. நம் ஊர் அரசியலில்தான் குடும்பம் என்று இனி யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம்.) போரை ஆதரித்தோ எதிர்த்தோ அறிக்கை விடுவதல்ல இதன் அன்றாடப் பிழைப்பு. எந்தக் கிராமம் யார் கையில் என்று வரைபடம் போடுகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த நாள்முதல் உலகத்தின் பெரிய செய்தி நிறுவனங்கள் பலவும் அந்த வரைபடத்தையே எடுத்தாள்கின்றன. ஈராக் போரைத் திட்டித் தீர்க்கும் வாசகரும் காலையில் அதைத்தான் பார்க்கிறார். வரைபடத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை, கவனமான வேலை. ஆனால் எந்தப் போருக்கு அன்றாடம் வரைபடம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதும் ஒரு தேர்வுதான்.

கடிதம் செத்துவிட்டது, லண்டன் கடையில் கூட்டம் குறைவு. முதலிடத்துக்குப் போட்டி எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டின் நாற்காலிக்கும் போர் ஆய்வு நிறுவனத்தின் வரைபடத்துக்கும் இடையில்தான். அடுத்த முறை செய்தியில் உக்ரைன் வரைபடத்தைப் பார்த்தால், கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் நன்றிக்குறிப்பைப் படியுங்கள். போர் ஆய்வு நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு பெயரும் இருக்கும்: எண்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட்டுக்காக பிரெடரிக் கேகன் நடத்தும் ஆய்வுத் திட்டம்.