சம்பளக் கணக்கு: சராசரியா, இடைநிலையா?

ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனி. மாதச் சம்பளம் 18,000, 20,000, 22,000, 25,000, 1,65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,50,000, ஐந்தால் வகுத்தால் சராசரி 50,000. அந்தத் தொகையை அங்கே ஒருவர்கூட வாங்கவில்லை! ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் 22,000தான் இடைநிலை அளவு.

வேலைக்குச் சேரப்போகிறவர் இடைநிலையைத்தான் கேட்க வேண்டும் என்பேன். அதிலும் பிடித்தம் இருக்கலாம். அந்த 22,000இல் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்து, அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் பிடித்தால், அதாவது 1,800 போக, கைக்கு 20,200. சராசரியை நம்பி வாடகைக்கு வீடு பார்த்தால் மாதக் கடைசியில் திண்டாட்டம்தான்.

சரி, சராசரி வீணா? இல்லை. ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தச் சம்பளச் செலவு வந்துவிடும். கணக்குப் பிரிவுக்கு அதுதான் தேவை. ஆனால் உச்சத்தில் இருப்பவரின் சம்பளம் இரட்டிப்பானால் சராசரி 83,000 ஆகிவிடும். இடைநிலை அதே 22,000.