ஊதச் சொல்வதா, ரத்தம் எடுப்பதா: மது, போதைச் சோதனைகளில் எதை எவ்வளவு நம்பலாம்?

சாலையோரத்தில் போலீஸ்காரர் நீட்டும் குழாயில் ஊதுவதைவிட, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் நம்பகமானது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வகத்தை மட்டும் பார்த்தால் அது சரி. நம் சட்ட வரம்பையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் அவ்வளவு சுலபமாக ஜெயிப்பதில்லை.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இங்கிலாந்தில் வரம்பு 80. நம்முடையது கண்டிப்பான வரம்பு, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் வரம்பு தாழ்வாக இருந்தால், அளவையில் வரும் சின்னப் பிசகுகூடத் தீர்ப்பை மாற்றிவிடும்.

ஊதும் கருவி ரத்தத்தை அளப்பதே இல்லை. மூச்சில் உள்ள ஆல்கஹால் பிளாட்டினம் மின்முனையில் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. பிறகு மூச்சைப்போல 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்று வைத்துப் பெருக்கிக் காட்டுகிறது. இந்த 2,100 ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவர்களுக்கு, குடித்தது முழுதாக ரத்தத்தில் கலந்த பிறகு, விகிதம் 2,300க்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது கருவி உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும், லாபம் ஓட்டுநருக்கே. ஆனால் பாரை விட்டு வெளியே வந்த கையோடு பிடிபட்டவருக்கு விகிதம் இறங்கியிருக்கலாம். அது 1,900 என்றால், கருவி 33 காட்டினாலும் ரத்தத்தில் 30தான் இருக்கும்.

வாய்க்குள் தங்கிய மது இன்னொரு தொல்லை. இப்போதுதான் கடைசி மடக்கு குடித்திருந்தாலோ, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் வாய் கொப்பளித்திருந்தாலோ, ஏப்பம் விட்டாலோ அளவு எகிறும். கால் மணி நேரம் காத்திருந்து ஊதினால் இது போய்விடும். மலிவான கருவிகளில் இருக்கும் செமிகண்டக்டர் சென்சார், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனைக்கூட மது என்று எடுத்துக்கொள்ளலாம். பிளாட்டினம் மின்முனைக் கருவிக்கு இந்தக் குழப்பம் அநேகமாக வராது.

கருவியைவிடப் பெரிய சிக்கல் அதன் பராமரிப்பு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2018இல் 20,000க்கும் மேற்பட்ட மூச்சுச் சோதனைகளை அந்த மாநில உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க முடியாது என்று ஒதுக்கியது. காரணம், கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்துச் சீராக்கும் அளவுத்திருத்தத்தின்போது தெர்மாமீட்டரை வைத்துச் சரிபார்க்கும் ஒரு படியைச் செய்யாமல் விட்டது. கருவியில் கோளாறு இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. சரியாக இருந்தது என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, ரத்தம்? ஆவியாகும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வாயு குரோமட்டோகிராபி முறையில் அளக்கும் ஆய்வக முடிவு உண்மையிலேயே துல்லியமானது. அதிலும் இங்கிலாந்து ஆய்வகங்கள், பிசகுக்கு இடம் விட்டு, முடிவில் 6 மி.கி. கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்கின்றன. 80க்கு 6 பெரிதல்ல. 30க்கு அது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஆஸ்பத்திரிகளில் அவசரத்துக்குப் பார்க்கும் என்சைம் சோதனை வேறு ரகம். அது பெரும்பாலும் சீரத்தில், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரில், செய்யப்படுவது. சீரத்தில் தண்ணீர் அதிகம் என்பதால், முழு ரத்தத்தைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சீரத்தில் 33 என்றால் ரத்தத்தில் 29கூட இருக்காது. கையில் இருக்கும் தாள் எந்த ஆய்வகத்துடையது என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்து வாதாடக் கூடாது.

அடுத்தது குழாய். சோடியம் ஃபுளோரைடு போட்ட, சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து, குழாய்க்குள்ளேயே சாராயம் காய்ச்சிவிடும். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைப்பதும் கூடாது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். உடல் மணிக்குச் சராசரியாக 15 மி.கி. வீதம் ஆல்கஹாலைக் குறைக்கிறது. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனை என்கிறது சட்டம். சோதனைச் சாவடியில் 55 இருந்தவர் இரண்டு மணி நேரம் கழித்து 25இல் நிற்பார்; சட்டத்தின் கண்ணில் சுத்தமான ஆள். நேர்மாறாக, அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பியவருக்கு அளவு ஏறிக்கொண்டே போகும். ஓட்டும்போது 25, ஊசி போடும்போது 40. பின்னோக்கிக் கணக்கிடலாம்தான், ஆனால் உச்சத்தைத் தொட்டது எப்போது என்று தெரியாமல் போடும் கணக்கு யூகம்தான்.

அப்புறம், ரத்தம் பல கைகள் மாறும் பொருள். 2024 மே மாதம் புனேயில் நடந்த போர்ஷே கார் விபத்து வழக்கில், ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சிறுவனின் ரத்த மாதிரியையே ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மருத்துவர்கள் கைதானார்கள். ஊதும் கருவியில் பொதுவாக இதற்கு வழியில்லை. ஆள் முன்னாலேயே எண் வந்துவிடும்.

அதனால் என் தேர்வு இதுதான்: முதலில் ஊதுவது, கால் மணி இடைவெளியில் இன்னொரு முறை, நேரம் பதிந்த அச்சுச் சீட்டோடு. 30ஐ ஒட்டி எண் வந்தால், அல்லது ஓட்டுநர் மறுத்தால், உடனே ரத்தம். ஊதாமல் ரத்தத்துக்கு மட்டும் காத்திருப்பது, குடித்தவருக்கு அவகாசம் கொடுப்பதாகும். இரண்டுமே இல்லாமல் வாசனையையும் தள்ளாட்டத்தையும் வைத்து மட்டும் குடித்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லியிருக்கிறது.

சிறுநீர், மதுவுக்கு மோசமான தேர்வு. பையில் பல மணி நேரம் சேர்ந்தது எந்த நிமிடத்தையும் சொல்லாது. போதைப்பொருளுக்குப் பரவாயில்லை, ஆனால் கோப்பையில் சோதனைப் பட்டையைத் தோய்க்கும் முதல்கட்டச் சோதனை ஏமாற்றும். குருமாவில் போடும் கசகசாவில் நிஜமாகவே கொஞ்சம் மார்பின் உண்டு. இப்படி மாட்டியவர்கள் அதிகம் என்பதால், அமெரிக்க அரசு 1998இல் வேலையிடச் சோதனையின் மார்பின் வரம்பை 300இலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியது. கஞ்சாவோ, தொடர்ந்து புகைப்பவர் சிறுநீரில் வாரக்கணக்கில் நிற்கும். அது பழக்கத்தைக் காட்டும், வண்டி ஓட்டியபோது போதையில் இருந்தாரா என்பதைக் காட்டாது.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் பழைய கதையைச் சொல்லும். ஆனால் கருமுடியில் மெலனின் அதிகம். கோகெய்ன் போன்றவை அதில் கூடுதலாக ஒட்டும். ஒரே அளவு எடுத்தாலும் கருமுடிக்காரருக்குக் கூடுதலாகக் காட்டலாம். கனடாவின் டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் மதர்ரிஸ்க் ஆய்வகம், முதல்கட்டச் சோதனை முடிவுகளை உறுதிச் சோதனை செய்யாமலே வருடக்கணக்கில் கொடுத்துவந்தது. அதை நம்பிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். 2005 முதல் 2015 வரை அங்கு நடந்த முடிச்சோதனை, குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளுக்கோ குற்ற வழக்குகளுக்கோ தகாதது என்று தனி ஆய்வு 2015இல் அறிவித்தது. பிறகு பழைய வழக்குகளைத் தோண்டிய ஆணையம், 56 வழக்குகளில் அந்தச் சோதனை, வழக்கின் முடிவைக் கணிசமாகப் பாதித்திருந்தது என்று 2018இல் சொன்னது. அதற்குள் பல பிள்ளைகள் தத்துக்குப் போயிருந்தார்கள்.