ஆயில் பெயின்டிங் தொடங்க என்னென்ன வாங்கலாம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

புதிதாக ஆயில் பெயின்டிங் ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, 12 சின்ன டியூப் அடங்கிய பெட்டி வேண்டாம் என்பதுதான். அதில் பாதி நிறங்களை நாமே கலந்துகொள்ளலாம். வெள்ளையோ இரண்டு படத்துக்குக்கூடத் தாங்காது.

என் மேஜையில் நிரந்தரமாக இருப்பவை டைட்டேனியம் ஒயிட், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு. வாழையிலைப் பச்சை வேண்டுமானால் கூடவே லெமன் எல்லோ. கறுப்பு வாங்குவதே இல்லை. அல்ட்ராமரைனையும் அம்பரையும் குழைத்தால் ஏறக்குறைய கறுப்பு வந்துவிடும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த நிழல், அம்பரைக் கூட்டினால் வெயில் பட்ட சுவரின் நிழல். டியூபில் வரும் கறுப்பில் இந்த உயிர் இல்லை. மற்ற நிறங்களுக்கு கேமல் பிராண்ட் தாராளமாகப் போதும். வெள்ளை மட்டும் வின்டன் பிராண்டில் 200 மி.லி. டியூபாக வாங்குங்கள், செலவாவது அதுதான்.

டியூபில் பெயரோடு ‘ஹ்யூ’ என்று இருந்தால், விலை கூடிய நிறமிக்குப் பதிலாக வேறு நிறமிகளால் அந்தச் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். பயிற்சிக்கு அது நல்லதே. அப்படி விலை கூடிய நிறமிகளில் ஒன்றான காட்மியம் நச்சுத்தன்மை உள்ளது. தொடக்கத்திலேயே அதைக் கையாள வேண்டியதில்லை.

பிரஷ்ஷில் பன்றிமுடியில் செய்த தட்டை பிரஷ் 4, 8 நம்பர்களில் ஒவ்வொன்று, நுணுக்க வேலைக்கு ஒரு சின்ன சிந்தெடிக், கலக்க ஒரு பேலட் நைஃப். பிரஷ் சாவது முடியின் நுனியில் அல்ல, உலோகப் பூணுக்குள். அங்கே பெயின்ட் காய்ந்தால் முடி விரிந்துவிடும், பிறகு நேராகாது. அதனால் முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, பார் சோப்பை உள்ளங்கையில் வைத்து நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்துக் கழுவுகிறேன். இப்படிச் செய்தால் பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனே தேவைப்படாது. அடைத்த அறையில் அந்த நெடி தலைவலிதான்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூடாகும்; குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

ஆயில் பெயின்ட் உலர்வதும் இதே ஆக்சிஜனால்தான், ஆவியாகி அல்ல. அம்பர் சீக்கிரம் இறுகும், டைட்டேனியம் ஒயிட் இழுத்தடிக்கும். ஆகவே முதல் கோட்டுருவத்தை அம்பரில் மெல்லியதாகப் போட்டு, எண்ணெய் கூடிய பூச்சுகளை மேலே வையுங்கள். மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விடும்.

கேன்வாஸுக்கு அவசரமில்லை. 300 ஜிஎஸ்எம் கனமான தாளில் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சை இரண்டு முறை பூசினால் போதும். ஜெஸ்ஸோ இல்லாத தாளை எண்ணெய் அரித்துவிடும். நிறம் கலக்கும் பேலட்டுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அடியில் சாம்பல் நிறத் தாள். காய்ந்த பெயின்டை பிளேடால் சுரண்டினால் சுத்தம். வார்னிஷை முதல் ஆறு மாதத்துக்கு வாங்கவே வேண்டாம், படம் உள்ளே காய அவ்வளவு காலமாவது ஆகும்.